சோடாவுக்குக் கொசுறு

மலைப்பாதையின் கடைசி வளைவில் தடுப்புக் கம்பியைப் பிடித்து நின்றிருந்த மளிகைக்காரருக்கு, காலையில் தன் கை செய்த காரியம் அப்போதுதான் உறைத்தது.

சமையல் சோடாவை வாழ்நாளெல்லாம் விற்றவர் அவர். கேக் உப்புவதற்கு வாங்குவார்கள், அடைத்த சிங்க்கைக் கழுவ வாங்குவார்கள். சைக்கிள் பந்தயத்துக்கென்று கேட்டவள் அவர் மகள் ஒருத்திதான். "வயித்தெரிச்சலுக்குக் குடுப்பேன். கால் எரிச்சலுக்குமா சோடா?" என்று அன்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. உயிரைக் கொடுத்து மிதிக்கும்போது தசையில் சேரும் அமிலத்தை அது கொஞ்சம் தணிக்கும், எரிச்சல் சற்றுத் தாமதமாக வரும், அந்தத் தாமதத்தில்தான் பந்தயமே இருக்கிறது என்றாள். உடல் எடைக்குத் தக்க அளவு. மிஞ்சினால் வயிறு சும்மா விடாது.

"உங்க தராசு பொய் சொல்லாதுப்பா. நீங்களே நிறுத்துக் குடுங்க."

பேரத்திலேயே நரைத்த மனிதருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. பந்தய நாளான இன்று காலை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தார். முள் நேராக நின்றது. பொட்டலம் மடிக்குமுன், எல்லா வாடிக்கையாளருக்கும் செய்வதுபோல் கொசுறும் அள்ளிப் போட்டார். மகளாயிற்றே என்று தாராளமாகவே. கொசுறில்லாமல் அந்தக் கை ஒரு பொட்டலமும் மடித்ததில்லை.

"என்ன முதலாளி, நீங்க சோடா குடிச்ச மாதிரி முழிக்கிறீங்க?" என்றார் பக்கத்தில் நின்ற சைக்கிள் மெக்கானிக். மளிகைக்காரர் கீழே சாலையைப் பார்த்தார். அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயம் இது; முதல் மூவருக்குத்தான் இடம். இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்றாமவளும் கடந்தாள்.

பின்னால் மகள் வந்தாள். முகம் சாம்பலாக இருந்தது. தலையை ஓரமாகச் சாய்த்தாள்; வாயிலிருந்து வெண்நுரை தார்ச்சாலையில் கொட்டியது. கால்கள் மட்டும் நிற்கவில்லை. வயிறு ஒருத்தியுடையது, கால்கள் வேறொருத்தியுடையவை என்பதுபோல் சீராகச் சுற்றின. தடுப்பைத் தாண்டி அவர் சாலையில் இறங்கிவிட்டார்.

"போதும்மா, இறங்கிடு."

தோளில் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நகருங்கப்பா."

நகர்ந்தார். எந்தச் சரக்கையும் ஒரு பார்வையில் மதிப்பிட்டுவிடும் கண்கள் அவருக்கு. பிறந்தபோது ஒரு கையில் அடங்கியிருந்த அந்த உடம்பு, அவர் போட்ட தப்பையும் சுமந்துகொண்டு ஏறுவதை வாய் பிளந்து பார்த்தார். மூன்றாமவளின் பின்சக்கரத்தை இவளுடைய முன்சக்கரம் நெருங்க, இரண்டுமாக வளைவில் மறைந்தன.

மெக்கானிக் மேலே ஓடினார். இவரும் கிளம்பினார். வெண்நுரை வெயிலில் இன்னும் மெல்லப் பொரிந்துகொண்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த நுரையை மிதிக்காமல் சுற்றி நடந்தார்.