ஹாசல்கோமில் வெட்டிய கம்பி

வெள்ளைக்காரக் கிழவி படலையைத் திறந்து பிடித்த கதைக்கு வந்ததும் சிவக்கொழுந்து மூன்றாம் தரமும் அழுதார். சாருஜா பேனையை வைத்துவிட்டு, அவர் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனிதர் அழும்போது இரக்கம் வரவேண்டும். அவளுக்கு வந்தது எரிச்சல்.

"எழுது பிள்ளை," என்றார் அவர். "ஒரு கையிலை நாய். மற்றக் கையாலை படலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, நான் போறதுக்கு. நான் ஆர்? கறுப்பன். ஊருக்குப் புதுசு. ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

ஹாசல்கோம் இங்கிலாந்தில் ஒரு பள்ளத்தாக்குக்குள் கிடக்கும் சின்னக் கிராமம். ஒரு தேவாலயம், ஒரு மதுச்சாலை, வாத்து நீந்தும் ஒரு குளம், எழுபது வீடு, அதைப்போல நாலு மடங்கு செம்மறி. சுற்றிவர மேடும் பள்ளமுமாகப் புல்வெளி. அந்த ஊரில் இருந்த ஒரேயொரு கடையை இருபத்தாறு வருஷம் நடத்தியவர் சிவக்கொழுந்து. பால், பேப்பர், தபால் முத்திரை, ஆணி எல்லாம் விற்றார். கடையை விற்றுவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன் சொந்த ஊரான நீர்வேலிக்குத் திரும்பியவருக்கு, ஹாசல்கோமைப் பற்றி ஒரு புத்தகம் போடவேண்டும் என்று ஆசை. சொல்ல வாய் இருந்தது, எழுதப் பொறுமை இல்லை. கம்பசில் புவியியல் படித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருந்த சாருஜாவைக் கூப்பிட்டார்.

கூப்பிட்டார் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் அவளுடைய அம்மா நாகேஸ்வரி போய்க் கெஞ்சி வாங்கிய வேலை அது. காசுக்காக இல்லை, அவர் காணியோரம் போகும் ஒழுங்கைக்காக.

சிவக்கொழுந்தின் வாழைத்தோட்டத்துக்குப் பின்னால் இருபத்திரண்டு வீடுகள். கல்வீடு எட்டு, மிச்சம் தகரம். அந்தக் குறிச்சியில் கம்பசுக்குப் போன முதல் ஆள் சாருஜா. சவமோ, சம்பந்தமோ, பள்ளிக்கூடமோ, எல்லாம் தோட்டத்து ஓர ஒழுங்கையால்தான் பெரிய றோட்டுக்குப் போகவேண்டும். நாகேஸ்வரி விடிய முதல் வாழையிலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்தூர்த் திருநெல்வேலிச் சந்தைக்கு பஸ் எடுக்கப் போவதும் அதால்தான். சிவக்கொழுந்து வந்து இறங்கிய இரண்டாம் மாதமே ஒழுங்கையின் குறுக்கே நாலு வரி முள்ளுக்கம்பி இழுத்தார். ஓரத்தில் ஒரு ஆள் சரிந்து போகுமளவுக்கு இடைவெளி விட்டார். போன மாரியில் பக்கத்து வீட்டு நிவேதனாவுக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்டபோது அவளைக் கதிரையில் வைத்துத் தூக்கினார்கள். கதிரை அந்த இடைவெளிக்குள்ளால் போகவில்லை. முழங்கால் தண்ணியில் சுடலை றோட்டால் சுற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளை பாதி வழியில், சுடலை வாசலில் பிறந்தது.

இப்போது அந்த இடைவெளியையும் அடைத்து மதில் கட்டப்போகிறார் என்று கதை.

"வடிவா எழுதிக் குடு," என்றாள் நாகேஸ்வரி. "மனுசன் மனம் இளகி ஒரு கேற்றாவது விடும்." அவளே போய்க் கேட்டபோது அவர் "பாப்பம்" என்று சொல்லியிருந்தாராம். அந்த ஒரு பாப்பத்துக்காக சாருஜா நாலு மாதம் எழுதினாள்.

பத்து மணிக்கு அவருடைய தங்கச்சி பாலேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவருவாள். அவருக்கு, செம்மறிப் படம் போட்ட பீங்கான் கப். சாருஜாவுக்கு, கடுதாசிக் கப். முதல்நாள் சாருஜா அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் கிழமை ஓய்வுபெற்ற அதிபர் அருட்செல்வன் வந்தார். அவருக்கும் செம்மறி வந்தது. சாருஜா தன் கையிலிருந்ததைப் பார்ப்பதை பாலேஸ்வரி கண்டுவிட்டாள்.

"கொரோனாவுக்குப் பிறகு இப்பிடித்தான் பிள்ளை. சுத்தம் தானே," என்றாள், ஒருவரும் கேட்காமலே. பிறகு சாருஜா குடித்து வைத்ததை இரண்டு விரலால், செத்த பல்லியைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறம் போனாள். அன்றிலிருந்து சாருஜாவுக்கு அந்த வீட்டுத் தேத்தண்ணியில் நனைந்த கடுதாசி மட்டை மணந்தது. ஆனாலும் குடித்தாள். குடிக்காமல் விட்டால் திமிர் என்பார்கள், பாப்பம் போய்விடும்.

ஏழாம் அத்தியாயம் நடைபாதையைப் பற்றியது. அதைச் சொல்ல சிவக்கொழுந்து கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

ஹாசல்கோமில் தோட்டங்களுக்கு ஊடாகப் பாதைகள் போகும். ஆருடைய காணி என்றாலும் சனம் நடக்கலாம். வேலி குறுக்கிட்டால் காணிக்காரனே ஏறிக் கடக்கப் படி வைத்துக் கொடுக்கவேண்டும். ஒருமுறை ஒரு கமக்காரன் பாதையை மறித்து முள்ளுக்கம்பி கட்டிவிட்டான். ஊர் கூடியது. பாதிரியார், மதுச்சாலைக்காரர், நாய்க்கிழவி, கடைக்காரச் சிவக்கொழுந்து. ஞாயிற்றுக்கிழமை தோறும் கம்பியை வெட்டிக்கொண்டு நடந்தார்கள். அவன் திரும்பக் கட்டுவான், இவர்கள் திரும்ப வெட்டுவார்கள். வெட்டிய குறடு, இவர் கடையில் விற்ற குறடு. பன்னிரண்டாம் ஞாயிறு, "சிவா, இண்டைக்கு நீ வெட்டு" என்று பாதிரியார் அதை இவர் கையில் கொடுத்தாராம். பத்தொன்பதாம் ஞாயிறு கமக்காரன் களைத்துப்போய்ப் படலை போட்டுவிட்டான். சிவப்புப் பிடி போட்ட அந்தக் குறடு இப்போதும் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது.

"இதை அப்பிடியே எழுது," என்றார் சிவக்கொழுந்து. "காணி அவன்ரை தான். காணி உறுதியும் அவன்ரை பேரிலை. ஆனால் பாதை சனத்தின்ரை. காலாகாலமா நடந்த வழியை ஆரும் மறிக்கேலாது."

சாருஜா ஒரு எழுத்தும் விடாமல் எழுதினாள். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, எங்கடை ஒழுங்கையும் அப்பிடித்தானே?"

அவர் உண்மையாகவே விளங்காமல் அவளைப் பார்த்தார். விளங்கியதும் கையை விசுக்கினார். "அது வேறை, இது வேறை."

"என்ன வேறை?"

"அங்கை எல்லாம் ஒரே சனம், பிள்ளை."

"அப்ப நீங்கள் அங்கை என்ன சனம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். கோபப்பட்டிருந்தால் சாருஜா மதித்திருப்பாள். அவர் கோபப்படவேயில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடுத்த அத்தியாயம் பனி என்றார்.

அன்றைக்கே எழும்பிப் போயிருக்கவேண்டும். போகாததற்கு, அம்மாவின் இலைக்கட்டு ஒரு காரணம். இன்னொன்று, படித்த பெட்டையின் முட்டாள்தனம். ஊருக்கு முன்னால் இதை வாசித்தால் மனிதருக்கு வெட்கம் வரும் என்று நம்பினாள்.

புத்தகம் அச்சாகி வந்தபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் வெளியீடு நடந்தது. குத்துவிளக்கு, மாலை, மேசையில் சிவப்புத் துணி, துணியின் நடுவில் அந்தக் குறடு. அருட்செல்வன் தலைமை தாங்கி, நாகரிகம் என்றால் என்ன என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். பிறகு, பிள்ளைக்கு நல்ல குரல் என்று சாருஜாவை வாசிக்கச் சொன்னார்கள். அவள் ஏழாம் அத்தியாயத்தை எடுத்தாள். 'பாதை சனத்தின்ரை' என்ற இடத்தில் நிறுத்தி, முகம் முகமாகப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஆருடையவோ வழியைச் சுருக்கி வேலி தள்ளிப் போட்டவர்கள். ஒருவரும் தலை குனியவில்லை. கை தட்டினார்கள். சிவக்கொழுந்து நாலாம் தரம் அழுதார்.

தேத்தண்ணி வந்தது. தட்டத்தில் கண்ணாடிக் கிளாசுகள். பின்வரிசையில் நாகேஸ்வரியும் குறிச்சியிலிருந்து வந்த நாலுபேரும் இருந்தார்கள். பாலேஸ்வரி கைப்பையைத் திறந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள். உள்ளே ஆறு கடுதாசிக் கப். வீட்டிலேயே எண்ணிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆறாவது கப் புத்தகத்தை எழுதியவளுக்கு.

கப்பை வாங்கிக்கொண்டு நிற்கும்போது, நாளைக்கு மதிலுக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள் என்று சிவக்கொழுந்து அருட்செல்வனுக்குச் சொல்வது காதில் விழுந்தது. சாருஜா கிட்டப் போனாள்.

"பாப்பம் எண்டனீங்கள், ஐயா."

"பாத்தனான் பிள்ளை," என்றார் அவர். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதுதான் சகிக்கவில்லை. "சரிவரேல்லை."

சாருஜா கப்பைச் சிவப்புத் துணியின்மேல் வைத்தாள். குறடை எடுத்தாள். மண்டபத்துக்கு நடுவால் நடந்து வெளியே போனாள். ஒருவரும் மறிக்கவில்லை. மேசை ஒதுக்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

நேரே ஒழுங்கைக் கம்பிக்கு முன்னால் போய் நின்றாள். குறடு துருப்பிடித்து இறுகியிருந்தது, விரியவில்லை. இருபது வருஷமாகக் கண்ணாடிக்குள் இருந்து கும்பிடு வாங்கிய சாமான் வேறெப்படி இருக்கும்? பின்னால் ஓடிவந்த நாகேஸ்வரி வீட்டுக்குப் போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து மூட்டில் ஊற்றினாள். இரண்டு தரம் திறந்து மூடியதும் வாய் விட்டது. முதல் வரி அறுந்து, விண்ணென்று சுருண்டு வாழைக்குள் பாய்ந்தது.

"நாளைக்குத் திருப்பிக் கட்டுவினம்," என்றாள் நாகேஸ்வரி.

"கட்டட்டும். அங்கை பத்தொன்பது ஞாயிறு வெட்டினவையாம்."

நாகேஸ்வரி மகளைப் பார்த்தாள். வெளியீட்டுக்கென்று உடுத்த சேலையை இழுத்துச் செருகினாள். அடுத்த வரி மகளின் முகத்தில் அடிக்காமல் இரண்டு கையாலும் முள்ளுக்கு இடையில் இறுக்கிப் பிடித்தாள். சத்தம் கேட்டுக் குறிச்சியிலிருந்து சனம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. நிவேதனா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் வரி அறுந்தபோது சிவக்கொழுந்து வந்து சேர்ந்தார். கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை, மூச்சு வாங்கியது. அறுந்த கம்பியைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். கடைசியாக அவள் கையைப் பார்த்தார்.

"அது ஹாசல்கோமிலையிருந்து கொண்டந்தது," என்றார். "என்ரை குறடைத் தா."

"வேலை முடியத் தாறன், ஐயா," என்றாள் சாருஜா. குனிந்து மூன்றாம் வரியில் குறடை வைத்தாள்.

நாகேஸ்வரி கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள். "தள்ளி நில்லுங்கோ," என்றாள் அவரிடம். "முகத்திலை அடிக்கும்."