ஒளி அணியின் கடைசிப் பேச்சாளர்

ஜெகநாதன் சார் போனில் அந்த விஷயத்தைச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில், எதிரே இருந்த டெலிபோன் போர்டையே பிடுங்கி எறிந்திருப்பேன். வங்கிச் சொத்து என்பதால் அது பிழைத்தது.

"மரியா, தீபாவளிப் பட்டிமன்றத்துல நீங்க கண்டிப்பா பேசணும். ‘இலக்கியத்துக்கு உயிர் தருவது ஒளியா, இருளா?’ன்னு தலைப்பு. உங்களை இருள் அணியில போட்டிருக்கோம்" என்றார்.

"எதுக்கு சார் இருள்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்கு அது சுலபமா வரும்னு கமிட்டியில எல்லாரும் நெனச்சாங்க."

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். செகந்திராபாத்தில் ஒரு வங்கிக் கிளையில் டெலிபோன் ஆபரேட்டர். ஜெகநாதன் சார் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். குஷாய்குடா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். அதில்தான் தொல்லையே.

கண்ணுள்ளவர்களுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. அவர்கள் கண்ணை மூடினால் தெரிகிற கறுப்பைத்தான் நான் பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேனாம். எனக்குக் கறுப்பும் தெரியாது. உங்கள் முதுகு என்ன பார்க்கிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டையா பார்க்கிறது? என் கண்ணும் அவ்வளவுதான் பார்க்கிறது. இதை எத்தனை பேருக்குச் சொல்லி வாய் வலித்திருக்கிறது!

"சார், ஒளியைப் பார்த்ததில்லேன்னா இருட்டையும் பார்த்ததில்லே. ரெண்டுல எதைப் பேசினாலும் எனக்கு ஒண்ணுதான். அதனால எனக்குப் பிடிச்சதைக் கொடுங்க. ஒளி அணியில போடுங்க."

"நோட்டீஸ் அடிச்சாச்சே மரியா..."

"அப்போ எனக்கு நக்கோ சார், வேணாம். வேற ஆளைப் பாருங்க."

மாலைக்குள் அவரே திரும்பக் கூப்பிட்டார். ஒளி அணியில் இருந்த பிரசன்னா என்ற கோயம்புத்தூர்ப் பையன் இடம் மாறிக்கொள்ளச் சம்மதித்துவிட்டானாம். சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. "இருட்டுன்னா கரண்ட் கட்டை வெச்சே பத்து நிமிஷம் ஓட்டிருவேன்" என்று துள்ளினானாம்.

அணி மாறியது. ஆனால் என் பயம் வேறு. பட்டிமன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு: அடுத்துப் பேசுகிறவர் முன்னால் பேசியவரை நாராகக் கிழிக்க வேண்டும். ஊர் சிரிக்க, பேர் சொல்லி, வார்த்தைக்கு வார்த்தை பிரித்து மேய வேண்டும். கிழிபடுவதுதான் அங்கே மரியாதை. அந்த மரியாதை எனக்கு மட்டும் ஒருநாளும் கிடைத்ததில்லை. கல்லூரியில் இருந்து பார்க்கிறேன், மாதா கோயில் விழாவிலும் பார்த்துவிட்டேன். நான் மேடை ஏறும்போதே கைதட்டல் தொடங்கிவிடும். எனக்குப் பிறகு வருகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சகோதரி பேசிய பிறகு மறுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை" என்பார். எல்லாரும் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு ஒரு சிறப்புப் பரிசு வரும். ஒரு தடவை சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். எனக்கு!

ஜெயிக்க வேண்டும் என்றுகூட எனக்கு ஆசை இல்லை. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், நான் சொன்னது தப்பு என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். அது போதும்.

எங்கள் வீடு லாலாகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸில். அண்ணன் ஆண்டனி ஒர்க்‌ஷாப் அலுவலகத்தில் இருக்கிறான். அந்த வாரம் முழுக்க அவனை விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கதை, கவிதை, எங்கெல்லாம் விளக்கும் விடியலும் வருகிறதோ அங்கெல்லாம் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னேன். அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"கைக்கு மரியா, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? நீ பேசினா எப்படியும் கை தட்டத்தானே போறாங்க."

"ஹவ், ஆமா. அதுக்குத்தான் டென்ஷன்" என்றேன்.

அந்த 2007 தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை, சைனிக்புரியில் ஒரு சமூகக் கூடம். ஆண்டனி ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கியபோதே போண்டா வாசனையும் புதுப் பட்டுப்புடவைகளின் சரசரப்பும். பிள்ளைகள் தெலுங்கிலும் ஹிந்தியிலும் கத்திக்கொண்டு ஓட, அம்மாக்கள் தமிழில் அதட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். என்னை மேடைக்குப் பக்கத்து அறையில் உட்காரவைத்துவிட்டு ஆண்டனி காபி வாங்கப் போனான். மெல்லிய தட்டிக்கு அந்தப் பக்கம் ஜெகநாதன் சாரின் குரல்.

"தாரிணி, மரியா மேடத்துக்கு அடுத்து நீதாம்மா. இருள் அணியில கடைசி. நீ நல்லா வாய் பேசற பொண்ணு, எனக்குத் தெரியும். ஆனா அவங்ககிட்ட கொஞ்சம் பார்த்து. நாலு வார்த்தை பாராட்டிட்டு உன் பாயிண்டைச் சொல்லி முடிச்சிரு. பாவம்."

"சரி அங்கிள்" என்றது ஒரு மதுரைக் குரல்.

என் உற்சாகமெல்லாம் பொசுக்கென்று போயிற்று. அந்தப் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். ஹைடெக் சிட்டியில் சாப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிறதுதான் அவள் வேலை. போன பொங்கலுக்குப் பட்டிமன்றத்தில் எதிரணித் தலைவரைத் தண்ணி குடிக்க வைத்தவள். அவள் வாயையே கட்டிவிட்டார்களே! நேராகப் போய், "பாவம் பார்க்காதே" என்று கேட்கலாம். கேட்டால் அதற்கும் சேர்த்துப் பாவம் பார்ப்பார்கள். காபி வந்தபோது எனக்கு ஒரு யோசனையும் வந்திருந்தது.

நடுவர் ராமசுவாமி, ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அவருக்கு மைக் எதற்கு என்று தெரியவில்லை. மேஜை மணியும் எதற்கு என்று தெரியவில்லை. அவர் போட்ட அதட்டலில் கூடம் அடங்கியது. பிரசன்னா கரண்ட் கட்டை வைத்து வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தான். "ஊர்ல கரண்ட் போனாத்தாங்க பேய்க்கதையே ஆரம்பிக்கும், கரண்ட் வந்தா எல்லாரும் டி.வி. பக்கம் போயிருவாங்க. கதையைக் கொல்றது எதுங்க? ஒளிதானுங்க!" என்றான். எங்கள் அணி சீனிவாசன் அவனைப் பிய்த்து உதறினார். இரண்டு அணியும் மாறி மாறி அடித்துக்கொள்வதைக் கேட்கக் கேட்க எனக்கு எச்சில் ஊறியது.

இருள் அணியில் இன்னொருவர் பேசி முடித்ததும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கும் முன்பே கைதட்டல்.

"தட்டிட்டீங்களா? இனிமே நான் என்ன பேசினாலும் கவலை இல்லே" என்றேன் மைக்கில். சிரித்தார்கள். "முதல்ல என்னை இருள் அணியிலதான் போட்டாங்க. இருட்டு எனக்குப் பழக்கமாம். நடுவர் அவர்களே, எனக்கு இருட்டுன்னா என்னன்னே தெரியாது. இந்த மேடையிலேயே இருளை அறியாத ஒரே ஆள் நான்தான். அப்போ நான் ஒளி அணிக்குத்தானே சொந்தம்?"

கூடத்தில் சிரிப்பு வந்தது. கொஞ்சம் சங்கடமான சிரிப்பு. விடவில்லை நான்.

"சின்ன வயசுல அம்மாகிட்ட வெளிச்சம்னா என்னன்னு கேட்டேன். கையைப் பிடிச்சு ஜன்னல்ல வெச்சு, இதான்னாங்க. சுட்டுது. இது சூடு, வெளிச்சம் எங்கேன்னு கேட்டேன். அம்மா தோத்துட்டாங்க. அப்புறம் பள்ளிக்கூடத்துல டீச்சர் ஒரு கதை சொன்னாங்க. வேலைக்குப் போன மகன் திரும்பி வரலே. மழை. அம்மாக்காரி ஜன்னல்ல ஒரு விளக்கை வெச்சுட்டு உட்கார்ந்திருக்கா. ரொம்ப தூரத்துல நடந்து வர்ற மகனுக்கு அந்த விளக்கு தெரியுது. அவ்ளோதான் கதை. நான் பெஞ்சுல தலையைக் கவுத்துட்டு அழுதேன். பொறந்ததுல இருந்து விளக்கைப் பார்க்காதவ எதுக்கு அழணும்? ஒருத்தி நமக்காகக் காத்திருக்கா, அதுக்குப் பேருதான் வெளிச்சம்னு எனக்கு அப்போ புரிஞ்சுது. அது கண்ணுக்குச் சொந்தமில்லே. அதைக் கண்ணுகிட்டே இருந்து பிடுங்கி என் கையில கொடுத்தது இலக்கியம். ஓவியக்காரன் மஞ்சளால போடறான், ஞானி அறிவுங்கறான், எல்லாம் அந்த விளக்குதான்!"

கூடம் நிசப்தமாகிவிட்டது. எனக்குத் தெரியும், அது ஆபத்தான நிசப்தம். இன்னும் ஒரு மூச்சு விட்டால் உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். குரலை உயர்த்தினேன்.

"அடுத்துப் பேசப் போறது தாரிணி. பெரிய பேச்சுக்காரியாம். நான் இப்பவே சொல்றேன், எழுதி வெச்சுக்குங்க: அவங்ககிட்ட இதுக்குப் பதில் கிடையாது. பதில் இல்லாதவங்க என்ன செய்வாங்க தெரியுமா? பாராட்டுவாங்க! ‘மரியா அக்கா அருமையா பேசினாங்க’ன்னு நாலு வார்த்தை சொல்லிட்டு நழுவிருவாங்க. பாராட்டினா இருள் அணி தோத்துடுச்சுன்னு நடுவர் மணி அடிச்சிரலாம்!"

ஜெகநாதன் சார் எங்கோ இருமினார். நான் உட்கார்ந்தேன். தாரிணியின் கொலுசுச் சத்தம் மைக்கை நோக்கிப் போனது, நின்றது. தாளைப் புரட்டுகிற சத்தம். பிறகு அந்தத் தாளைக் கசக்குகிற சத்தம்.

"நடுவர் அவர்களே, மரியா அக்கா பேசினது மொத்தமும் தப்பு."

கூடத்தில் ஒரு பெண் "ஐயோ" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"அந்த அம்மா ஏன் விளக்கு வெச்சா? மகன் வரல. பகல்லயே அவன் வந்து சோறு கேட்டிருந்தா விளக்கும் கிடையாது, கதையும் கிடையாது, அக்காவுக்கு அழுகையும் கிடையாது. அக்காவை அழவெச்சது விளக்கு இல்லைங்க. இன்னும் வரலையேங்கற இருட்டு! எங்க சரக்கைத் தூக்கிட்டுப் போயி அவங்க கடையில வெச்சு விக்கிறாங்க!"

பிரசன்னா விசிலடித்தான். சிரிப்பு வெடித்தது, இந்தத் தடவை சங்கடம் இல்லாமல். தாரிணியின் குரல் சூடு பிடித்துவிட்டது.

"அடுத்து, இருட்டே தெரியாதுன்னாங்க. பொய்! ஒளி கண்ணுல இல்லன்னு சொன்னது யாரு? அவங்கதான். ஒளி கண்ணுல இல்லைன்னா இருட்டும் கண்ணுல இல்ல. அப்ப கண்ணு தெரியாததால இருட்டு தெரியாதுன்னு எப்படிச் சொல்லலாம்? ஒரு நாக்கு, ரெண்டு பேச்சு! அக்கா, நேராவே கேக்குறேன். வராத ஒருத்தருக்காக நீங்க ஒரு தடவைகூட உக்காந்து காத்திருந்ததே இல்லையா? அப்ப உங்களுக்கு இருட்டு தெரியும்க்கா. எங்க எல்லாரையும்விட நல்லாத் தெரியும். கண்ணாலன்னு சொல்லாதீங்க, அவ்ளோதான்!"

என் வாதத்தின் நடுவில் ஓட்டை. இவ்வளவு பெரிய ஓட்டை! ஒரு வாரமாகப் பேசிப் பார்த்த எனக்குத் தெரியவில்லை, அவள் நின்ற நிலையில் கண்டுபிடித்துவிட்டாள். என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

"அது தப்பு!" என்று கத்தினேன்.

"எங்கே தப்பு?" என்றார் நடுவர்.

"தெரியலே சார். ஆனா தப்பு!"

கூடமே அதிர்ந்து சிரித்தது. என்னைப் பார்த்து, என் தோல்வியைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார்கள். நடுவர் மணியை அடித்து, "ஒளி அணி, உட்காருங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார் பாருங்கள், பரேடில் போடுகிற அதட்டல். உட்கார்ந்தேன். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். தீபாவளி வாரத்தில் தீர்ப்பை இருளுக்குச் சொல்ல நடுவருக்கும் தைரியம் வேண்டும், அவர் சொன்னார். நாங்கள் தோற்றோம். சிறப்புப் பரிசு என்ற பேச்சே எழவில்லை.

கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கொலுசுச் சத்தம் என் பக்கம் வந்தது.

"அக்கா, ரொம்பப் பேசிட்டேனா? அங்கிள் திட்டுறாரு. மனசு கஷ்டமா இருக்கா?"

"கஷ்டமா? வயிறு எரியுதுடி எனக்கு! உட்காரு இங்கே."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வெளியே ஆண்டனி ஸ்கூட்டர் ஹாரனை அடித்தான். "நக்கோ, இரு!" என்று அவனுக்குக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

"இப்போ கேளு. மகன் வரலேங்கறது இருட்டுன்னு சொன்னே. சரி. ஆனா வருவான்னு ஒரு நம்பிக்கை இல்லேன்னா அந்த அம்மா..."

"அக்கா, அக்கா, நிறுத்துங்க" என்று அவள் என் பேச்சைப் பாதியிலேயே வெட்டினாள். "அங்கயே தப்புப் பண்றீங்க."