மாப்பிள்ளைக்கு இந்த வருஷம் ஊசி இல்லை

நாய்க்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அவள் கணவன்தான். கல்யாணமான புதிதில், மழைக்கு வாசலில் ஒதுங்கிய குட்டியை அவள் துண்டால் துவட்டி, வீட்டில் இருந்த ஒரே முட்டையையும் அதற்கே ஊட்டிவிட்டாள். "இந்த வீட்டுக்கு மாப்ள யாருன்னு இப்பத்தான் புரியுது," என்று அவன் வெறும் ரொட்டியைக் கடித்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது மாப்பிள்ளைக்கு முகவாய் நரைத்துவிட்டது. அவனும் அவளும் ஒரே வீட்டில் இல்லை. பெரிய சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிற அவனுக்கு நேரம் காலம் இல்லாமல் போன் வரும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அவள் வேலை முடிந்து வரும்போது அவன் கிளம்பிப் போயிருப்பான். மேசையில் மூடிவைத்த தட்டுகள்தான் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒருநாள் அவள் நாயோடு அக்கா வீட்டு மாடிக்குக் குடிபோனாள். கூப்பிட வருவான் என்று அவள் காத்திருந்தாள். சொல்லாமல் போனவள் தானே வரட்டும் என்று அவன் இருந்தான். அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

காதலித்த நாளிலிருந்து அவனை 'நீ' என்றே பேசிப் பழகியவள், பிரிந்த பிறகு 'நீங்க' என்று சொல்லத் தொடங்கினாள். முதல்முறை கேட்டபோது அவன் திரும்பிப் பார்த்தான், பின்னால் வேறு யாரோ நிற்கிற மாதிரி. அவன் மட்டும் அவளிடம் 'நீ'யை மாற்றவில்லை.

அவர்களுக்கு மிச்சமிருந்தது வருடத்தில் ஒரே ஒரு நாள், மாப்பிள்ளையின் பூஸ்டர் தடுப்பூசி நாள். மிருக ஆஸ்பத்திரி மேசையில் ஏற்றியதும் அவனுடைய அக்குளில் தலையைப் புதைத்துக்கொண்டால்தான் அந்த நாய் ஆடாமல் நிற்கும். வேறு யார் பிடித்தாலும் கடிதான். அதனால் அன்று அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவான். ஊசி முடிந்து மூவருமாக எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்காருவார்கள். மாப்பிள்ளை பாதி பிஸ்கட் அவனிடமும் பாதி அவளிடமும் வாங்கும். ஊசிக்கு முந்தின நாளே அவள் தலைக்குக் குளித்துவிடுவாள். நாய்க்கு ஊசி போட இவள் எதற்குக் குளிக்கிறாள் என்று அக்கா ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

போன வருடம் டீக்கடை வரைக்கும்கூடப் போக முடியவில்லை. ஊசி போட்ட சற்று நேரத்தில் மாப்பிள்ளையின் முகம் பன் மாதிரி வீங்கிவிட்டது. வாந்தி எடுத்தது. திரும்ப உள்ளே ஓடி மருந்து ஏற்றி, இருவரும் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அது பிழைத்துக்கொண்டது. ஆனால் இந்த வருடம் ஊசி நாள் நெருங்க நெருங்க, அவளுக்கு வழக்கமான சந்தோஷம் வரவில்லை. போட்டால் நாய்க்கு ஆபத்து. போடாவிட்டால் அவன் வருவதற்குக் காரணமே இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து யோசிக்கிறோமே என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஊசி நாளன்று, ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் பெஞ்சில் அவன் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். கையில் கழுவியும் போகாத கிரீஸ் கறை. நாயைப் பார்த்ததும், "என்ன மாப்ள, தொந்தி ஜாஸ்தியாயிடுச்சு? பெரியம்மா வீட்டுச் சாப்பாடா?" என்றான். நாய் உடம்பு முழுவதையும் ஆட்டியது.

"உங்களுக்கும்தான் போட்டிருக்கு," என்றாள் அவள்.

"எனக்கு ஹோட்டல் சாப்பாடு. அதைத் தொந்தின்னு சொல்லக்கூடாது, வீக்கம்னு சொல்லணும்."

அவள் சிரித்துவிட்டாள். அவன் அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னான். "கம்பெனியில என்னை வேற ஊருக்குக் கேக்கறாங்க. பெரிய கட்டடம், அங்கயே தங்கிப் பார்த்துக்கணும். போனா வர்றது கஷ்டம். இன்னிக்குப் பதில் சொல்லணும்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"இவனைப் பிடிக்க வருஷாவருஷம் ஆள் வேணுமே. அதான் யோசனை."

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

"வாங்க மாப்பிள்ளை சார், முறுக்கு குறையவே இல்லையே!" என்றார் டாக்டரம்மா. நாயை மேசையில் ஏற்றி, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். முகத்தில் இருந்த கேலி மறைந்துவிட்டது. "இதயத்துல சத்தம் வருது. வயசாச்சு இல்லையா. போன வருஷம் அவ்வளவு வீங்கினவனுக்கு இந்த நிலைமையில ஊசி போட எனக்கு மனசில்லை."

"ஆனா வருஷாவருஷம் போடணுமே டாக்டர்," என்று அவனும் அவளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சின்னதுல ஒழுங்காப் போட்டுக்கிட்டவன். முக்கியமான ஊசியெல்லாம் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை போதும்னு எப்பவோ சொன்னேனே. வருஷாவருஷம் போடறது எலிக் காய்ச்சலுக்கு. அதுவும் சாக்கடையில புரளற நாய்க்குத்தான் அவசியம். இவன் மெத்தையில புரளறவன். நீங்க போன் பண்ணப்ப சொன்னேன் சார். எதுக்கும் போட்டுடுங்கன்னீங்க." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க உண்ணி மருந்து வாங்க வந்தப்ப உங்ககிட்டயும் சொன்னேன். எதுக்கு ரிஸ்க்குன்னு நீங்களும் அதையே சொன்னீங்க. ஏம்மா, வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் காது சிவந்திருந்தது. இவனுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே ஒவ்வொரு வருடமும் வந்திருக்கிறான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது பன் மாதிரி வீங்கிய அந்த முகம்தான். இரண்டு பேர் ஒரு பெஞ்சில் உட்காருவதற்காக அதன் உடம்பில் குத்தியிருக்கிறார்கள்.

"வேணாம் டாக்டர்," என்றாள். "இனிமே இவனுக்கு ஊசி வேணாம்."

சொல்லிவிட்டுத்தான் கவனித்தாள். மாப்பிள்ளை வழக்கம்போல அவனுடைய அக்குளில் தலையைப் புதைத்துக்கொண்டு, குத்தப் போகிறார்கள் என்று உடம்பை இறுக்கி நின்றிருந்தது.

"முடிஞ்சுதுடா மாப்ள. வெளிய வா," என்றான் அவன். நாய் அசையவில்லை. இன்னும் குத்தவில்லையே. அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டு, இன்னும் ஆழமாகப் புதைந்தது. அவன் இன்னொரு முறை கூப்பிடவில்லை. அதன் முதுகில் கன்னத்தை வைத்து அப்படியே குனிந்து நின்றான். அவன் தோள் லேசாகக் குலுங்கியது.

டாக்டரம்மா கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எவ்வளவு நேரம் அப்படியே விட்டுவைப்பது? அவள் கையை நீட்டி, நாயின் பிடரித் தோலை இரண்டு விரலால் பிடித்து, ஊசி மாதிரி நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். மாப்பிள்ளை ஒருமுறை துள்ளியது. தலையை வெளியே எடுத்தது. முடிந்துவிட்டது என்று நம்பி, வாலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட்டுக்காக இருவரையும் பார்த்தது.

வெளியே வந்தார்கள். டீக்கடை திறந்துதான் இருந்தது. நாய் அந்தப் பக்கம் இழுத்தது. அவள் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தாள்.

"அப்ப, நான் போகலாம்ங்கறியா?" என்றான்.

'போகாதே.' தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அது 'நீ' என்று பேசுகிறவள் சொல்லக்கூடிய வார்த்தை. 'போகாதீங்க' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் சொல்வது போலிருந்தது.

"இவனுக்காக இருக்க வேணாம்," என்றாள்.

'அப்ப உனக்காக இருக்கட்டுமா' என்று அவன் கேட்பான் என்று நின்றாள். அவனும் எதற்கோ காத்திருப்பது போல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

அவன் குனிந்து மாப்பிள்ளையின் காதைத் தடவினான். நிமிர்ந்து, கிரீஸ் கறையைப் பேண்ட்டில் துடைத்தான்.

"சரி," என்றான். "பார்த்துப் போங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.