காது, மூக்கு, கன்னம், தலை

மூக்கு அரித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் உட்காரட்டும். முடி கண்ணில் விழுந்தால் தலையை உதறிக்கொள்ளலாம், கையை மட்டும் மேலே கொண்டுபோகக் கூடாது. பின்னால் கட்டிக்கொண்டால் போலீஸ்காரி மாதிரி இருக்கும். மேசை மேல் வைத்தாலோ இவர்கள் என் விரல்களை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

நாலாம் வகுப்பு டீச்சர் இப்படி யோசித்தபடியே கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். பலகையில் ஒரு கணக்கு இருந்தது. முக்கால் லிட்டரில் பாதி எவ்வளவு? அதற்குக் கீழே நாலு விடைகள். வகுப்பில் ஒருவரும் பலகையைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அவள் முகத்தில் இருந்தன.

அந்த அரசுப் பள்ளியில் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் கற்றுக்கொள்கிற பாடம் அது. டீச்சர் காதைத் தொட்டால் முதல் விடை, மூக்கைத் தொட்டால் இரண்டாவது, கன்னம் என்றால் மூன்றாவது, தலையைக் கோதினால் நாலாவது. வருடத்துக்கு ஒருமுறை நாடு முழுவதும் ஒரே நாளில் நடக்கும் தேர்வில் அந்தந்த வகுப்பு டீச்சரே அறையில் நிற்பார். யார் இதைத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துப் பள்ளிகளிலும் இதேதான் என்று கேள்வி.

ஒரு வருடம் ஐந்தாம் வகுப்பு சாருக்குத் தேர்வன்று கடுமையான சளி. மனிதர் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வகுப்பு மொத்தமும் எல்லாக் கேள்விக்கும் இரண்டாவது விடையையே குறித்துவைத்தது. பள்ளியே நடுங்கிக்கொண்டு முடிவுக்குக் காத்திருந்தது. முடிவு வந்தபோது ஐந்தாம் வகுப்பு நல்ல தேர்ச்சி. மேலே யாரோ, எங்கேயோ, விடைத்தாள்களையே சரிசெய்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த சாருக்கு ஜலதோஷம் என்று பெயர். அவரும் சேர்ந்தே சிரிப்பார். நாலாம் வகுப்பு டீச்சரும் அப்போது வயிறு வலிக்கச் சிரித்தவள்தான்.

சிரிப்பு நின்றது ஆஸ்பத்திரியில். மாமியாருக்கு வலி மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் பாதி அளவு கொடுத்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்பு ஏழரை மில்லி. மருந்து கொடுக்கும் இடத்தில் ஒரு இளம் பெண், வெள்ளை கோட்டு, நெற்றியில் வியர்வை. புட்டியின் மேல் அளவை எழுதப் பேனாவை எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு நிமிர்ந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை டீச்சருக்குத் தெரியும். கண்ணில் ஆரம்பித்து, காதுப் பக்கம் போய், மூக்குக்கு வந்து, காத்திருக்கிற பார்வை. தினமும் காலையில் நாற்பது முகங்களில் பார்ப்பது. எந்த ஊரில், எந்தப் பள்ளியில் படித்த பெண்ணோ. சுவரில் இருந்த டிவியில், கல்வியில் நம் நாடு மறுபடியும் சில இடங்கள் முன்னேறிவிட்டதாக அமைச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் அளவைச் சொன்னாள். அந்தப் பெண் நன்றி சொல்லி எழுதினாள். சொன்னது சரியா என்று அவள் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தனக்குப் பின்னால் வரிசையில் நின்ற கிழவருக்கு அந்தப் பெண் யார் முகத்தைப் பார்த்து எழுதியிருப்பாள்?

மறுநாளிலிருந்து வகுப்பில் டீச்சரின் கை மேலே போகவில்லை.

முதல் வாரம் பிள்ளைகள் தவித்துப்போனார்கள். அவள் வகுப்பின் பின்பக்கம் போய் நின்றால் எல்லோரும் திரும்பி உட்கார்ந்தார்கள். பலகைப் பக்கம் திரும்பி நின்றால் முதுகை ஆராய்ந்தார்கள். வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி கடைசியில் எழுந்தே கேட்டுவிட்டாள்.

“டீச்சர், எங்க மேல கோவமா? கை எங்கயுமே போக மாட்டேங்குது.”

டீச்சர் ஒரு வாளித் தண்ணீரும் சில பாட்டில்களும் கொண்டுவந்து வைத்தாள். ஊற்றிப் பாருங்கள் என்றாள். அவர்கள் ஊற்றினார்கள், சிந்தினார்கள், ஒருவர் மேல் ஒருவர் கொட்டிக்கொண்டார்கள். தப்புத் தப்பாகச் சொன்னார்கள். தப்பு என்று அவள் சொன்னதும் வழக்கம்போல அவள் முகத்துக்கே திரும்பினார்கள். அவளுக்கு அலுத்துப்போனது உண்டு. கையை ஒருமுறை தூக்கினால் போதும், வகுப்பு அமைதியாகிவிடும், வீட்டுக்குத் தலைவலியில்லாமல் போகலாம். தன் வலது கை தன்னையறியாமல் எழும்புவதை அவளே பாதியில் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். இந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தனக்கும்தான் என்று அப்போது புரிந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளர். புதிதாக வருகிற பையன்களுக்கு இத்தனை தண்ணீருக்கு இத்தனை மருந்து என்று கலக்கத் தெரியவில்லை என்று தினமும் புலம்புகிறவர். ஆனால் இவள் விஷயத்தில், நீ ஒருத்தி கையைக் கீழே போட்டு நாடு நிமிரவா போகிறது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நாடு நிமிரும் என்று அவளும் நினைக்கவில்லை. இன்னும் ஒரு நாற்பது பேரை வளைத்து அனுப்பத் தன்னால் முடியாது, அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள், அந்த முக்கால் லிட்டர் கணக்கின்போது, வாயாடி பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“காலு வராது டீச்சர். கால் லிட்டரும், அதுக்கு மேல அந்தக் கால்ல பாதியும் வருது. வேணும்னா ஊத்திக் காட்டுறேன்.”

பின் வரிசையில் ஒருவன் இல்லவே இல்லை என்றான். அவள் ஊற்றிக் காட்டினாள். அவன் பாட்டிலைப் பிடுங்கித் தானே ஊற்றிப் பார்த்தான். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. டீச்சர் சுவரோரமாக நின்றாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டாதவளாகிவிட்டோமோ என்கிற சின்ன வலி. அது போனபின் வந்தது சந்தோஷம்தான்.

ஆனால் மாதிரித் தேர்வில் நாலாம் வகுப்புதான் பள்ளியிலேயே கடைசி. பாதிப் பேருக்கு இன்னும் கேள்வியையே வாசிக்க வரவில்லை. நாடு முழுவதற்குமான தேர்வுக்கு முந்தின நாள் மாலை தலைமையாசிரியை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. ஒழுகுகிற கூரைக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்து ஓடு மாற்றியவர். மேலே யாராவது சரிசெய்வார்கள் என்று இந்த முறை நம்ப முடியாது, தேர்ச்சி குறைகிற பள்ளிகளை மூடி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்க்கப்போகிறார்கள் என்று விளக்கினார். லாரிகள் பறக்கிற அந்தச் சாலையைத் தாண்டி எந்த வீட்டில் பெண்பிள்ளையை அனுப்புவார்கள் என்று கேட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் டீச்சரை அழுத்தியது.

“ஸ்கூல் இருந்தாத்தானே நீ சொல்லிக்குடுக்க முடியும்? ஒரு நாள் கூத்து. கையைத் தூக்கிட்டுப் போயேன்.”

ஒரு நாளுக்காக வருடம் முழுவதும் அதைத்தானே சொல்லித்தருகிறோம் என்றாள் டீச்சர். பிள்ளைகள் தாங்களே எழுதட்டும், குறைந்தால் குறைந்ததென்று மேலே தெரியட்டும், இங்கே இன்னும் ரெண்டு டீச்சர் வேண்டும் என்பது அப்போதாவது தெரியும் என்றாள். மேலே தெரியாமலா இருக்கிறது என்று தலைமையாசிரியை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“உன் பொண்ணு இங்கயா படிக்குது?”

இல்லை. பணம் கட்டிப் படிக்கிற பள்ளியில் படிக்கிறாள். தலைமையாசிரியையின் பேரன், ஜலதோஷத்தின் மகன், எல்லோரும் அங்கேதான். அந்த டீச்சர்கள் காதைத் தொட்டால் காது அரிக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். டீச்சரின் முகம் சுட்டது. அவள் அதை மறைக்கவில்லை.

“இல்ல மேடம். அவளுக்கு யாரும் மூக்கைத் தொட்டுக் காட்ட வேண்டாம்னு நான் காசு கட்டுறேன். இவங்க வீட்ல கட்ட முடியாது. அதுக்காக இவங்களுக்கு என் மூக்கே போதும்னு என்னால இருக்க முடியல.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே வராந்தாவில் நாளைக்காக பெஞ்சுகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு குரலை இறக்கி, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி ஒரு வழி சொன்னார்.

“சரிம்மா, உன் மனசு கேக்கல. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். நாளைக்கு ஒரு நாள் லீவ் போட்டுடு, காய்ச்சல்னு சொல்லு. ஜலதோஷம் உன் கிளாஸ்ல நிக்கட்டும், அவர் கிளாஸை நான் பாத்துக்கறேன்.”

டீச்சர் எழுந்து நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினாள்.

“எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு மேடம். நாளைக்கு நான் வருவேன்.”