முப்பத்திரண்டாம் கவர்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல; என் நாத்தனார் வாய் தவறிச் சொன்னது. அவள் எமர்ஜென்சி டாக்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தட்டுகளைக் கழுவ, அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரே தட்டை எவ்வளவு நேரம்தான் துடைப்பாள்!

"தேஞ்சு போயிடப் போகுது, விடுடி" என்றேன்.

"அண்ணி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று அழ ஆரம்பித்தாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கை பரபரத்துவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் அழுகிறாள், நான் மனதுக்குள் முதல் வரியைத் தேடுகிறேன். எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவளைத் தேடிக் கதையே வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்க முடியுமா?

2.

முதல் தொடக்கம்: சாரத்திலிருந்து பெயிண்டர் விழுந்தபோது வானம் தன் நீலத்தை—

சே. வானத்துக்கு இங்கே என்ன வேலை?

இரண்டாவது தொடக்கம்: தண்டுவடம் என்பது நம் சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும், ஆனால் அதற்குள்— [பாடப்புத்தக வாடை. வேண்டாம்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் மருத்துவமனையில் மூன்று வருடமாக ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. முதுகெலும்பு உடைந்து, கால் மரத்துப்போய் வருபவருக்கு உடனே அறுவை சிகிச்சை செய்வது நல்லதா, ரத்த அழுத்தமெல்லாம் நிலைக்கு வரும்வரை ஒரு நாள் பொறுத்துச் செய்வது நல்லதா? அங்கே யாருக்கும் தெரியாது. நிஜமாகவே தெரியாது. அதனால் நோயாளியின் சம்மதத்தோடு சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். அலமாரியில் வரிசை எண் போட்டு ஒட்டிய கவர்கள் இருக்கும். ஆள் வந்ததும் அடுத்த கவரைப் பிரிக்க வேண்டும். உள்ளே ஒரே சொல்: 'உடனே', அல்லது 'பொறு'. டாக்டர் தன் இஷ்டத்துக்கு ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஆராய்ச்சியின் முடிவே பொய்யாகிவிடும் என்பதால்தான் இத்தனை ஏற்பாடும்.

3.

பெயிண்டர் வந்தார். நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பெயிண்ட்.

"டாக்டர், என் கால் கட்டில் மேலதான இருக்கு?"

"இருக்கு. நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

"அப்ப சரி. ரெண்டாவது கோட்டு பாக்கி இருக்கு. நான் வர்ற வரைக்கும் வேற எவனும் அந்தச் சுவத்துல கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினை. முப்பத்தொன்றாம் கவரைப் பிரித்தாள்: 'பொறு'. [இங்கே அவள் நெஞ்சு படபடத்ததைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. தூக்கிவிட்டேன்.] இவர் காத்திருக்கக் கூடாது என்று தோன்றி முப்பத்திரண்டையும் பிரித்தாள்: 'உடனே'. அந்தச் சீட்டைப் பெயிண்டரின் ஃபைலில் வைத்தாள். 'பொறு' சீட்டைப் புதுக் கவரில் போட்டு ஒட்டி, மேலே முப்பத்திரண்டு என்று எழுதி அலமாரியில் வைத்தாள். எல்லாம் ஒரே நிமிடத்தில்!

மறுநாள் காலை பெயிண்டரின் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. எழுதும்போதே நான் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன்.

4.

முடிவு அ: பெயிண்டர் நடந்துபோய் இரண்டாவது கோட்டை அடிக்கிறார். [அபாரம். நானே கைதட்டிக்கொண்டேன்.]

முடிவு ஆ: அவள் ஒப்புக்கொள்கிறாள், வேலை போகிறது.

முடிவு இ: அவள் வாயே திறப்பதில்லை, ஆராய்ச்சி முடிந்து எல்லாரும்—

'அ'தான் என்று முடிவு கட்டி, அச்செடுத்துக்கொண்டு மருத்துவமனைக் கேன்டீனுக்கே ஓடினேன். அவள் நின்றபடியே படித்தாள்.

"எப்படி?" எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"முப்பத்திரெண்டு எங்க, அண்ணி?"

"என்ன முப்பத்திரெண்டு?"

"ரெண்டு நாள் கழிச்சு இன்னொருத்தர் வந்தாரு. நான் டியூட்டில இல்ல. வேற டாக்டர், நான் ஒட்டின கவரைப் பிரிச்சாரு. அவருக்கு வர வேண்டியது 'உடனே'. வந்தது 'பொறு'. பெயிண்டரோட நகம் வரைக்கும் எழுதியிருக்கீங்க. அவருக்கு ஒரு வரி இல்ல."

"நீ சொல்லவே இல்லையேடி!"

"நான் இன்னும் அவரைப் போய்ப் பார்க்கவே இல்லையே."

சிரிக்க வைத்தவரை அவள் தேர்ந்தெடுத்தாள். நானும் அவரையேதான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இன்னொருவர் எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

5.

அப்போதே வார்டுக்குப் போனாள். அரை மணி கழித்து முகம் சிவந்து திரும்பி வந்தாள்.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு அண்ணி. இங்க மூணாவது மாடில லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்குதாம். 'படுத்துட்டு வரும்போதே கண்டுபிடிச்சேன், யாரும் கவனிக்க மாட்டீங்களா'ன்னு என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டாரு."

"கால்?"

"இன்னும் அசையல."

"நீ மாத்தினதாலயா?"

"தெரியாது. தெரியாததாலதான ஆராய்ச்சியே. ஆனா அவர் சீட்டை எடுத்தது நான்."

விதி மீறினால் நிரப்ப ஒரு படிவம் உண்டு. விவரம் எழுத மூன்றே வரி இடம். நான்கு முறை எழுதிக் கிழித்திருக்கிறாள். திடீரென்று என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள்.

"இதையே குடுத்துடறேன், அண்ணி. பெரிய டாக்டர்கிட்ட."

ஆகா! என் கதைக்கு முதல் வாசகர் தலைமை முதுகெலும்பு நிபுணர்! கொண்டாட்டம் ஒரு நொடிதான்.

"இதுல பொய் எதுவும் இல்லையே?" என்று கேட்டாள்.

6.

திருத்தங்கள்.

கட்டைவிரல் மறுநாள் அசையவில்லை. ஒன்பதாம் நாள். மறுநாள் என்றால் கதை தூக்கலாக இருக்கும் என்று நான்தான் மாற்றினேன். யாரும் பார்க்காத நேரத்தில் நானும் ஒரு சீட்டை மாற்றி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஞாயிறன்று அவள் அழவில்லை. படிப்பவர்கள் அவளுக்காக இரக்கப்படட்டும் என்று நான்தான் அழ வைத்தேன்.

'ஒரே நிமிடத்தில்' என்பதும் தவறு. இதை அவளே சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "பத்து நிமிஷம் ஆச்சு. பசை தேட வேண்டியிருந்துச்சு. யோசிக்க எனக்கு நேரம் இருந்துச்சு. அதையும் போடுங்க."

போட்டுவிட்டேன். மூன்று முடிவுகளும் செல்லாது.

7.

இதைப் பெரிய டாக்டரின் அறை வாசலில், பெஞ்சில் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். "போதும், குடுங்க அண்ணி" என்று அவள் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு இருப்பது பயமா உற்சாகமா என்று எனக்கே தெரியவில்லை.

வாசகரே, இனி நீங்கள்தான் பெரிய டாக்டர். படித்து நிமிரும்போது இவள் உங்கள் எதிரில் நிற்பாள். மேலே வார்டில் லிஃப்ட் ரிப்பேர்காரர் விழித்துக்கொண்டிருப்பார். அவரிடம் என்ன சொல்வது, யார் போய்ச் சொல்வது, இவளை என்ன செய்வது என்பதை நீங்கள் எழுதுங்கள். எந்த முடிவு வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நான் எழுதக் கூடாது.