முழங்கால் தண்ணீரில் முழுக்கு

அன்று காலையிலிருந்தே ஜமுனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உலையில் அரிசிக்குப் பதிலாக உப்பைக் கொட்டினாள். கோழிக்கு வைக்க வேண்டிய தவிட்டை வாசலில் கோலம் மாதிரித் தூவிவிட்டு, கோழி ஏன் தன்னையே முறைக்கிறது என்று யோசித்தாள். லைட்ஹவுஸ் குப்பத்தில் அவள் நண்டுக் கூடையோடு வந்து உட்கார்ந்தாலே வியாபாரிகள் பேரம் பேசாமல் காசை எண்ணி வைப்பார்கள், அப்படிப்பட்ட வாய்க்காரி. நாற்பத்தைந்து வயது. அவள்தான் கல்யாணப் பெண் மாதிரி கண்ணாடி முன்னால் நின்று புடவையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். மதியம் ரெண்டு மணிக்கு அவளுக்குப் பழவேற்காட்டு ஏரியில் ஞானஸ்நானம். சந்தோஷம் தொண்டை வரைக்கும் நின்றது.

குறை ஒன்றே ஒன்றுதான். புருஷன் திருவேங்கடம் வர மாட்டேன் என்றுவிட்டான்.

"இன்னா கோலம் இது?" வலை பின்னிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து அலறினான். "நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட கீறேன், வெள்ளப் பொடவை கட்டிகினு நிக்கிற?"

"முழுக்குக்கு வெள்ளதான் கட்டணும்னு பாஸ்டரு சொல்லிகிறாரு. நீ சும்மா இரு. ரெண்டு மணிக்குக் கரையில வந்து நில்லுய்யா. பாட்டுப் பாட வேணாம், கும்பிட வேணாம். நின்னா போதும்."

"கரையில கால் வெக்க மாட்டேன். எந்தச் சாமிக்கும் கூட்டம் காட்டற ஆளு நானு இல்ல."

"சாமிக்கு இல்லய்யா. எனக்கு."

அவன் வலைப் பக்கம் குனிந்தான். வலை ஊசியை இல்லாத ஓட்டையில் விட்டு இழுத்தான்.

பேரைக் கேட்டால் மலையேறி மொட்டை போடத் தோன்றும். ஆளோ, சாமி என்ற சொல் காதில் விழுந்தாலே புகையிலையைத் துப்புகிறவன். பிறக்கும்போதே அப்படியில்லை. ஆடி மாதம் எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஊருக்கு முன்னால் தீச்சட்டி தூக்கி ஆடியவன்தான் அவன். எல்லாம் அந்த மூன்று நாள் செய்த வேலை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில், கூட வருகிறவனுக்குக் காய்ச்சல் என்று ஒண்டியாகக் கடலுக்குப் போனான். காற்று திரும்பியது, போட்டு கவிழ்ந்தது. கவிழ்ந்த போட்டின் முதுகைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் மிதந்தான். தெரிந்த சாமியை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டான். தெரிந்த பேரெல்லாம் தீர்ந்ததும், "யாராச்சும் வாங்கடா!" என்று பொதுவாகவும் கூப்பிட்டுப் பார்த்தான். ஒருத்தரும் வரவில்லை. ஆந்திரா பக்கம் கரை ஒதுங்கி வீடு வந்து சேர்ந்த அன்றைக்கே இடுப்புத் தாயத்தை அறுத்தான். வலையில் ஈயக்குண்டு விழுந்துபோன இடத்தில் அதைக் கட்டினான். "இப்பத்தான் இது ஒரு வேலை செய்யுது" என்றான்.

அதே மூன்று நாள் ஜமுனாவும் கரையில் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் ஊர்ப் பெண்கள் சிலர் வெள்ளைப் புடவைப் பேச்சையே எடுத்துவிட்டார்கள். அவர்களைத் துடைப்பக்கட்டையோடு விரட்டியவள் மனோரமா, பழவேற்காட்டு மார்க்கெட்டில் கருவாடு விற்கிற வேதக்காரி. அவள் பைபிளைத் திறக்கவில்லை. ஆண்டவர் காப்பாற்றுவார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கஞ்சி வைத்தாள், சிக்குப் பிடித்த தலையை வாரிவிட்டாள், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஊட்டுக்குப் போக்கா, ஒன் யாபாரம் கெடுது" என்றாள் ஜமுனா.

"நா போ மாட்டேன்."

"ஏன்க்கா?"

"எங்க ஆளு அப்பிடி. ஒருத்தரையும் ஒண்டியா உட மாட்டாரு. நா உட்டுட்டுப் போனா அவருக்கு இன்னா மருவாதி?"

அந்தப் பதிலில் விழுந்தவள்தான் ஜமுனா, எழுந்திருக்கவே இல்லை. ஆக, அந்த வீட்டில் சாமி வெளியே போனதும் உள்ளே வந்ததும் ஒரே வாரத்தில். அன்றிலிருந்து தினம் ஒரு பட்டிமன்றம்.

"ஒன்னக் கொண்டாந்து சேத்தது யாருய்யா?"

"என் ரெண்டு கை."

"கையக் குடுத்தது யாரு?"

"எங்க நைனா. இத பாரு, ஒங்க ஆளாட்டமே மூணாம் நாள் திரும்பி வந்தது நானு. பாட்டு மட்டும் அவருக்கா?"

ஜமுனா விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்புறம் ராத்திரி ஜெபத்தில் அந்தச் சிரிப்புக்கு மன்னிப்பும் கேட்பாள்.

சரி, ஏரிக்கரைக்கு வருவோம். ரெண்டு மணிக்கு மனோரமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜமுனா வந்து நின்றாள். பக்கத்து வீட்டுக் குப்பம்மா வேடிக்கை பார்க்கக் குடையோடு வந்திருந்தாள். மீஞ்சூரிலிருந்து பாஸ்டர் சாம் ஆராதனை முடித்து, வெள்ளை வெளேர் ஜிப்பாவில் வந்து இறங்கினார். சின்ன வயசு, நல்ல மனுஷன், கொழுகொழுவென்று இருப்பார். அதுவரைக்கும் அவர் முழுக்குக் கொடுத்ததெல்லாம் சபையில் இருக்கிற சிமென்ட் தொட்டியில்.

எல்லாரும் ஏரியைப் பார்த்தார்கள். ஏரியைக் காணோம்!

கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. கொக்குகள் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தன. முந்தாநாள் அமாவாசை. அமாவாசை கழிந்த மதியத்தில் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு ஓடி, ஏரி வத்தம் கண்டு கிடக்கும் என்பது குப்பத்தில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். நிலாவைப் பார்க்காமல் ஒருநாள் நண்டுக்குப் போனதில்லை ஜமுனா. அவளிடம்தான் பாஸ்டர் போனில் "ஞாயித்துக்கெழமை ரெண்டு மணி சரியாக்கா?" என்று கேட்டார். இவள் சந்தோஷத்தில் நிலாவையும் மறந்து நீரையும் மறந்து, "சரி பாஸ்டரு, சரி பாஸ்டரு" என்று தலையாட்டிவிட்டாள்.

குப்பம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏண்டி, ஒங்க சாமி கடலப் பொளந்து வழி உட்டாருன்னு சொன்னியே, இதானா அது?"

"வாய மூடு குப்பம்மா" என்ற ஜமுனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும்.

"கொஞ்ச தூரம் நடந்தா தண்ணி வரும்" என்று தைரியமாக இறங்கினார் பாஸ்டர். நாலடி வைத்ததும் சேறு அவர் முழங்காலை வாங்கிக்கொண்டது. அடுத்த அடியில் ஒரு செருப்பு போனது. அதைத் தேடிக் குனிந்ததில் கண்ணாடி போனது. பெண்கள் மூன்று பேரும் பின்னாலேயே இறங்கினார்கள். தட்டுத்தடுமாறித் தண்ணீர் தெரிந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அதுவும் முழங்கால் ஆழம்தான்.

"இதுல முக்குனா மூக்குதான் நனையும்" என்றாள் மனோரமா. "படுக்க வெச்சிப் பொரட்டலாமா?"

"இன்னா, கருவாட்டுக்கு உப்பா தடவுறீங்க?" என்று குப்பம்மா குடைக்கடியிலிருந்து கேட்டாள்.

அப்போது படபடவென்று எஞ்சின் சத்தம். வத்தத்திலும் வற்றாத வாய்க்கால் ஒன்று ஏரிக்கு நடுவில் ஓடுகிறது. போட்டுகள் கடலுக்குப் போகிற வழி. அதில் ஒரு நீல போட்டு நின்று, அதற்குமேல் வர ஆழமில்லாமல் உறுமியது. திருவேங்கடம் எதுவுமே நடக்காதவன் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யோவ்!" ஜமுனா கத்தினாள். "வர மாட்டேன்னு சொன்ன?"

"கரையில கால் வெக்க மாட்டேன்னுதான் சொன்னேன். தண்ணியில நிக்க மாட்டேன்னா சொன்னேன்? வத்தத்துல முழுக்கு வெச்சிக்கினுகீற, அறிவு இருக்குதா ஒனக்கு? காலைலயே சொல்லலாம்னுதான் பாத்தேன். சரி, எத்தினி பேருக்கு அறிவு இல்லன்னு எண்ணிட்டு சொல்லலாம்னு உட்டுட்டேன். ஏறு, ஏறு. அந்த பாஸ்டர் ஐயரையும் தூக்கிக்கோ."

பாஸ்டரைத் தூக்கி ஏற்றியது ஒரு தனிக் கதை. மனோரமா முன்னால் இழுக்க, ஜமுனா பின்னால் தள்ள, சேறு விட மனசில்லாமல் விட்டது. வேடிக்கையில் பாதியை விட்டுவிட மனசு வராத குப்பம்மாவும் குடையோடு ஏறிக்கொண்டாள். போட்டில் பாஸ்டர் மெல்லக் கேட்டார்.

"அண்ணே, வாய்க்கால்ல ஆழம் எவ்ளோ?"

"ஒங்க நெஞ்சு வரைக்கும். ஆனா இழுப்பு கீது. நீச்சல் தெரியும்ல?"

பாஸ்டர் பதிலுக்கு வேத வசனம் ஒன்றை முணுமுணுத்தார். திருவேங்கடத்துக்குப் புரிந்துவிட்டது.

"பேஜாரு" என்று சொல்லிவிட்டு நங்கூரத்தைப் போட்டான். சட்டையைக் கழற்றினான். முதலில் அவன்தான் குதித்தான். சாமியே இல்லை என்கிறவன் வாய்க்கால் நடுவில் காலை ஊன்றி, இடது கையால் பாஸ்டரின் ஜிப்பாவைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். வலது கையால் பெண்டாட்டியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். குப்பம்மா மேலே குடை பிடித்தாள், யாருக்கு என்று அவளுக்கே தெரியாது.

"பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே" என்று பாஸ்டர் ஜமுனாவைச் சாய்த்தார். கழுத்து போனது, காது போனது. அதற்குள் வெடுக்கென்று ஒரு இழுப்பு. ஜமுனா நிமிர்ந்து நின்றாள்.

"உச்சி நனையல!" தீர்ப்புச் சொன்னாள் குப்பம்மா.

"முழுசா முங்கணும்ண்ணே. நீங்க இழுக்கக் கூடாது" என்றார் பாஸ்டர்.

"நானா இழுத்தேன்? தண்ணி இழுத்துச்சு."

மறுபடியும் பிதா, குமாரன். இந்தத் தடவை நெற்றி வரைக்கும் போனது. மறுபடியும் வெடுக்கென்று இழுத்தான். இழுத்த வேகத்தில் ஜிப்பாவை விட்டுவிட்டான். பாஸ்டர் தலைகுப்புற உள்ளே போய்க் குமிழி விட்டார். திருவேங்கடம் அவரைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

"அவருக்கு ஆயிடுச்சு!" என்று கை தட்டினாள் குப்பம்மா. மனோரமா போட்டுக்குள் உருண்டு உருண்டு சிரித்தாள்.

ஜமுனாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "யோவ், நான் இன்னா வலையா, சும்மா சும்மா இழுக்கற? என் வாழ்க்கையில ஒருநாள்யா இது! கைய உடு!"

"உட மாட்டேன்."

"உடுய்யான்றேன்!"

"மாட்டேன்னு சொல்றேன்ல!" அவன் குரல் உடைந்துபோய் வந்தது. சிரித்துக்கொண்டிருந்த மனோரமா எழுந்து உட்கார்ந்தாள். "நான் உள்ள போயி உள்ள போயி மேல வந்தப்ப புடிக்கறதுக்கு ஒரு கை இல்லடி. வானத்துல இருந்தும் இல்ல, பூமியில இருந்தும் இல்ல. தண்ணிக்குக் கீழ இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். ஒன்ன எப்பிடிடி அங்க உட்டுட்டு நிப்பேன்?"

ஜமுனா அவன் முகத்தைப் பார்த்தாள். நாலு வருஷமாகப் பட்டிமன்றத்தில் சிரிக்கச் சிரிக்கப் பேசினானே தவிர, இதை ஒரு நாளும் அவன் சொன்னதில்லை. தன் கையை மனோரமா பிடித்துக்கொண்டிருந்த அந்த மூன்று நாளும் இவன் கையை ஒருத்தரும் பிடிக்கவில்லை. இதுதான் சங்கதி, இவ்வளவுதான் சங்கதி. இது தெரியாமல் அவனோடு வசனம் பேசிக்கொண்டிருந்தாளே!

"சரிய்யா" என்றாள். "புடிச்சிக்கோ. உடாத. ஆனா இழுக்காத."

இரண்டு பேரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். பாஸ்டர் மூக்கிலிருந்து தண்ணீரைச் சிந்திவிட்டு யோசித்தார். கண்ணாடியில்லாத கண் ரெண்டும் கலங்கியிருந்தன, ஏரித் தண்ணீராகவும் இருக்கலாம்.

"கை புடிக்கக் கூடாதுன்னு வேதத்துல எங்கயும் எழுதல" என்றார்.

"பாருடா, ஐயரும் என்னாட்டமே பேசறாரு" என்று திருவேங்கடம் முனகினான்.

மூன்றாவது தடவை ஜமுனா உள்ளே போனாள். காது, நெற்றி, உச்சி, எல்லாம் போனது. உள்ளே பச்சையாக, கொஞ்சம் உப்பாக, ஒரு சத்தமுமில்லாமல் இருந்தது. ஆண்டவரிடம் சொல்ல ஒரு வாரமாக நன்றி வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. மணிக்கட்டில் அவன் பிடி மட்டும் தெரிந்தது. வளையல் உடையும்படி இறுகியது. ஆனால் இழுக்கவில்லை. அவனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தண்ணீருக்குள் இருந்த அவளுக்குத்தான் தெரியும்.

பாஸ்டர் தூக்கினார். வாயில் வந்த உப்புத் தண்ணீரை அவர் முகத்திலேயே துப்பிவிட்டு ஜமுனா வெடித்துச் சிரித்தாள். மனோரமா அல்லேலூயா போட்டாள். என்ன என்று கேட்காமல் குப்பம்மாவும் கூடவே போட்டாள். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு கோயில் இருக்கிற பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திருவேங்கடம் ஜமுனாவின் முகத்தில் வழிந்த முடியை ஒதுக்கிவிட்டான். அவன் உதடு வெளுத்திருந்தது, முங்கி எழுந்தவன் அவன்தான் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

"இன்னா, ஒங்க ஆளு வந்தாரா?" என்று கிண்டலாகக் கேட்கப் பார்த்தான். நிஜக் கேள்வியாகத்தான் வந்தது.

"வந்தாருய்யா."

"எங்க?"

"போட்டு ஓட்டிகினு வந்தாரு."

அவன் அவளை முறைத்தான்.

"டீசல் ஊத்துனது நானு" என்றான். பிடித்த கையை இன்னும் விடவில்லை.