மணமேடையில் ஒட்டிய ஸ்பானியச் சீட்டுகள்

1

இந்தக் கதை ஒரு வெட்கத்திலிருந்து பிறந்தது. யாருடைய வெட்கம் என்று முதல் வரியிலேயே போட்டு உடைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ‘2004ஆம் வருடம் வைகாசியில், அரியலூரில் ஒரு’ என்று தொடங்கியது அப்படியே கிடக்கிறது. ‘கொளஞ்சி நல்லவன்’ என்று இன்னொரு தொடக்கம். நல்லவன் என்று எழுதியதுமே செத்துப்போனவன் மாதிரி ஆகிவிட்டான். அடித்துவிட்டேன்.

2

கொளஞ்சி கல்யாண மேடை ஜோடிக்கிறவன். அவனோடு தெர்மாகோல் அறுத்த குருமூர்த்தி, ஸ்பெயினில் ஒரு நாடகக் கம்பெனிக்கு சீன் செட் போடப் போயிருந்தான். அங்கே இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது.

“ஞாயித்துக்கெழம மொதலாளி போன்ல கேப்பாருடா. அவங்க பாஷையில நாற்காலிக்கு என்ன, திரைக்கு என்னன்னு டக்குனு சொல்லணும். முப்பது வார்த்த போதும்” என்று குருமூர்த்தி போனில் சொன்னான்.

கொளஞ்சிக்கு முப்பத்தெட்டு வயது. இதை விட்டால் வேறொன்று வராது என்று அவனுக்குத் தெரியும்.

உட்கார்ந்து படித்தால் அவனுக்கு ஏறாது. கை ஓடினால்தான் மண்டை ஓடும். அதனால் மேடை ஜோடிக்கும்போதே ஒவ்வொரு சாமானிலும் தமிழெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்வான். திரையில் ‘தெலோன்’. மேலே தொங்கும் ஜாலர்த் துணியில் ‘பம்பலீனா’. (இந்த வார்த்தை எனக்கு இன்றும் பிடிக்கும். அதைச் சொல்லிக்கொள்ளும் யோக்கியதை எனக்கில்லை.) நாற்காலியில் ‘சீயா’. கண்ணாடியில் ‘எஸ்பேஹோ’, கம்பளத்தில் ‘அல்ஃபோம்ப்ரா’. முகூர்த்தத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் பிய்த்துவிடுவான்.

3

திருமானூர்க் கல்யாணத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டியதில் சீட்டுகளை மறந்துபோனான். பெண்ணின் அத்தை இருசம்மாள் நாற்காலியின் முதுகிலிருந்து ஒன்றைப் பிய்த்துப் பார்த்தாள். சிவப்பு மை. புரியாத சொல்.

“ஐயோ, செய்வினை வச்சிருக்கான்! பொண்ணு ஒக்கார்ற எடத்துலயே வச்சிருக்கான்!”

தாய்மாமன் தங்கராசு கொளஞ்சியின் சட்டையைப் பிடித்தார்.

“ஸ்பெயின் பாஷைங்கண்ணே. வேலைக்குப் படிக்கிறேன்.”

“என்ன எழவோ, படிடா பாப்பம்!”

படித்தான். பாவி, ஞாயிற்றுக்கிழமைக்காகப் பழகிய ராகத்திலேயே மூச்சுவிடாமல் படித்தான். தெலோன், சீயா, பம்பலீனா, எஸ்பேஹோ, அல்ஃபோம்ப்ரா. கூட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்தது. [முதல் வரைவில் இங்கே எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.] தாலியைப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் கட்டினார்கள். ஜோடித்த மேடையில் யாரும் ஏறவில்லை.

4

ஒரு வரைவில், மாப்பிள்ளை சிமெண்டு லாரியில் அடிபட்டு

வேண்டாம். கதைக்கு அது வசதி, அவ்வளவுதான். அந்தத் தம்பதி இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறார்கள். அப்படியும் அதன்பிறகு கொளஞ்சியை ஒருத்தரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்துக்கு போன் வந்தது. நாற்காலிக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டார்கள். அவனுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தால் இருசம்மாளின் அலறல் காதில் கேட்டது.

“ஏண்டா ஊமையா நிக்கிற? சொல்லித் தொலடா!” என்று அந்தப் பக்கம் குருமூர்த்தி கத்தினான்.

கொளஞ்சி போனை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

5

சிவப்பு மை, நான் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற பேனாவினுடையது. கொளஞ்சிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. குருமூர்த்தி அனுப்பிய பட்டியலைப் பார்த்து அந்தச் சீட்டுகளை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரனாக மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சட்டை தங்கராசு கையில் இருந்தபோது கொளஞ்சி ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தான். என் பேரைச் சொல்லவில்லை. நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

முடிவு ஒன்று: எழுதியது நான்தான் என்று எழுந்து சொன்னேன், தங்கராசு கையை எடுத்தார். பொய்.

முடிவு இரண்டு: கொளஞ்சி என்னைக் காட்டிக்கொடுத்தான். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! அதையும் அவன் செய்யவில்லை.

மூன்றாவது உங்களுடையது. என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள். சட்டை இன்னும் தங்கராசு கையில். கொளஞ்சி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான். இப்போது உங்களுக்கும் எல்லாம் தெரியும். எழுந்திருப்பீர்களா மாட்டீர்களா என்பதை நான் எழுதப்போவதில்லை.